பத்தோடு நின்றுவிடும் பாடம்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை வரி விடாமல் படிப்பவர்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அல்லர். மாவட்ட மைய நூலகங்களில் போட்டித் தேர்வுக்கென ஒதுக்கிய பகுதியில் கதவு திறக்கும்போதே இடம்பிடித்து உட்காரும் இளைஞர்கள்தான். பொறியியல் முடித்தவர்கள், பி.எஸ்சி. முடித்தவர்கள், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வரும் பெண்கள் என்று பலரும் அங்கே உண்டு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் பொது அறிவுக்கு 75. அந்த 75-ஐப் பிடிக்க ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை 'சமச்சீர்' புத்தகங்களைக் கரைத்துக் குடிக்க வேண்டும் என்பதுதான் எந்தப் பயிற்சி மையத்திலும் முதல் நாள் சொல்லும் அறிவுரை. ரெட்டைமலை சீனிவாசன் கலந்துகொண்ட வட்டமேசை மாநாடுகள் எவை, நீதிக்கட்சி தோன்றிய ஆண்டு எது என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டு போகிறார்கள். பதினைந்து வயதில் 'ஒப்பிக்கிற பாடம்' என்று தள்ளியதை இருபத்தைந்தில் வேலைக்காகத் திரும்ப எடுக்கிறார்கள். இப்போதும் ஒப்பிக்கத்தான் செய்கிறார்கள்.

ஒரே அரசுதான் பாடப்புத்தகத்தையும் எழுதுகிறது, பத்தாம் வகுப்புத் தேர்வையும் நடத்துகிறது, வேலைக்கான தேர்வையும் அதிலிருந்தே எடுக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தின் நிறைகுறைகளுக்கு வெளியாரைப் பொறுப்பாக்க முடியாது. டெல்லியைக் கைகாட்டும் நம் வழக்கமான சௌகரியம் இங்கே கிடையாது.

முதலில் புத்தகம். இப்போது வகுப்பில் இருப்பவை, மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் உருவானவை. ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளுக்கு 2018-19-லும், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 2019-20-லும் வந்தன. 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை இழுபட்டு நடைமுறைக்கு வந்த முதல் சமச்சீர்ப் புத்தகங்களோடு ஒப்பிட்டால் தரம் ஏறியிருப்பதை மறுக்க முடியாது. அச்சும் படங்களும் விரைவுக் குறியீடுகளும் இருக்கட்டும், அவை மேற்பூச்சு. நான் சொல்வது உள்ளடக்கம். பத்தாம் வகுப்பு வரலாற்றின் கடைசி அலகான 'தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்' ஒன்றை மட்டும் எடுத்துப் படித்தாலே போதும். எல்லிஸ், கால்டுவெல்லில் தொடங்கி, அயோத்திதாசர், எம்.சி.ராஜா, சிங்காரவேலர், பெரியார், மூவலூர் ராமாமிர்தம், முத்துலட்சுமி என்று போகும் அந்த வரிசை முந்தைய தலைமுறையின் பாடநூல்களில் இந்த விரிவோடு இருந்ததில்லை. ராஜாக்களின் பட்டியலாகப் பள்ளி வரலாற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பொருளியல் பகுதியையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இடம்பெயர்தலுக்கு ஓர் அலகு. பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகளுக்கு ஓர் அலகு. ஆல்ஃபிரட் மார்ஷலின் தொழில் வட்டாரக் கருத்திலிருந்து தொடங்கி நம் ஊர்த் தொழில்களுக்கு வரும் அந்த அலகு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எழுதப்பட்ட நல்ல பொருளியல் கட்டுரை என்றே சொல்வேன். திருப்பூரில் அதைப் படிக்கும் பிள்ளையின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பார், அப்பா பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பார். சீசனில் ஒன்றரை ஷிப்ட், ஆர்டர் இல்லாத மாதத்தில் அரை ஷிப்ட் என்று வீட்டு அடுப்பே அந்தத் தொகுப்பின் ஏற்ற இறக்கத்தோடு எரிகிறது. பாடத்துக்கும் வீட்டுக்கும் இவ்வளவு நெருக்கம் வேறு எந்தப் பாடத்துக்கு வாய்க்கும்? அந்த நெருக்கத்தை வகுப்பறை பயன்படுத்திக்கொள்கிறதா என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நல்ல புத்தகம் என்பதால் அதன் கோணல்களைப் பேசாமல் விட முடியாது. பத்தாம் வகுப்பில் வரலாறு 10, புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5 என்று 27 அலகுகள். வரலாற்றின் பத்தில் முதல் நான்கு, முதல் உலகப் போரிலிருந்து பனிப்போர் முடிவு வரையிலான உலகம். அடுத்த ஆறும் காலனிய இந்தியாவும் தமிழ்நாடும். 1947-க்குப் பிந்தைய இந்தியாவுக்கென்று வரலாற்றுப் பகுதியில் தனி அலகு கிடையாது. அது பன்னிரண்டாம் வகுப்பில், வரலாற்றை எடுத்தவர்களுக்கு மட்டும். பெர்லின் சுவர் விழுந்த கதையோடு பள்ளி வரலாற்றை முடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, மொழிவாரி மாநிலங்கள் எப்படிப் பிறந்தன, 1968-ல் கீழ்வெண்மணியில் என்ன நடந்தது, 1990-ல் மண்டல் பரிந்துரையை ஒட்டி நாடு ஏன் கொந்தளித்தது என்பவற்றை வரிசையாகச் சொல்லித்தரும் இடம் அதன் பிறகு இல்லை. சாதி எதிர்ப்பு அதன் மனத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருக்கும் தலைவர்களின் சாதனையாக, முடிந்துபோன விஷயமாகப் பதிகிறது. புத்தகத்தை எழுதியவர்களின் நோக்கம் இதுவாக இருந்திருக்காது. ஆனால் காலக்கோட்டை எங்கே வெட்டுகிறோம் என்பதும் ஒரு கருத்துதான்.

குடிமையியலில் இதே கோளாறு வேறு உருவில் வருகிறது. அவசரநிலை என்றால் தேர்வுக்கு வேண்டியது மூன்று எண்கள்: 352, 356, 360. எது தேசியம், எது மாநிலம், எது நிதி என்று தெரிந்தால் மதிப்பெண் வந்துவிடும். இதில் 356-ஐத் தமிழ்நாடு நான்கு முறை அனுபவித்திருக்கிறது. 1976 ஜனவரி 31-ல் திமுக அரசு, 1980-ல் எம்ஜிஆர் அரசு, 1988-ல் ஜானகி அரசு, 1991 ஜனவரியில் மீண்டும் திமுக அரசு. 1994-ல் பொம்மை வழக்கின் தீர்ப்பு அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட பிறகுதான் இந்தக் கலைப்பு விளையாட்டு அடங்கியது. பாட்டியிடம் கேட்டாலே பாதிக் கதை கிடைத்துவிடும் இந்த விஷயத்தை ஓர் எண்ணாகச் சுருக்கிப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

என்சிஇஆர்டி புத்தகங்களோடு ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. 2005-ன் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்த சமூக அறிவியல் நூல்கள், குறிப்பாக யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் முதன்மை ஆலோசகர்களாக இருந்த அரசியல் அறிவியல் நூல்கள், இந்தியப் பள்ளிக் கல்வியில் ஒரு தனி உயரம். உன்னி, முன்னி என்ற இரண்டு கேலிச்சித்திரப் பிள்ளைகள் பக்க ஓரத்தில் நின்றுகொண்டு புத்தகத்தையே எதிர்க்கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கும் பழக்கத்தைப் புத்தகத்தின் உடம்பிலேயே தைத்து வைத்த அந்த உத்தியின் பக்கத்தில்கூட நம் மாநிலப் புத்தகம் நிற்க முடியாது. நம்முடையது சொல்லும் புத்தகம், அது கேட்கும் புத்தகம். ஆனால் அந்த நூல்களுக்கு நேர்ந்த கதி தெரிந்ததே. 2022-லிருந்து 'சுமைக்குறைப்பு' என்ற பெயரில் பன்னிரண்டாம் வகுப்பின் முகலாய அரசவை அலகும், பத்தாம் வகுப்பின் 'ஜனநாயகமும் பன்மையும்', மக்கள் போராட்டங்கள் பற்றிய அலகும் எடுக்கப்பட்டன. தங்கள் பெயர்களைப் புத்தகங்களிலிருந்து நீக்கும்படி அந்த ஆலோசகர்கள் இருவருமே 2023-ல் கேட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு வரலாற்றில் முகலாயப் பேரரசு முழு அலகாக நிற்கிறது.

அதற்காக மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. 2012-ல் அதே என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த கேலிச்சித்திரம் இருந்தபோது, அதை நீக்க வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர்கள் நம் தலைவர்கள்தான். அந்தச் சித்திரம் போராடிய மாணவர்களைச் சிறுமைப்படுத்தியது என்பதில் நியாயம் உண்டு. அந்தச் சிறுமையையே வகுப்பில் விவாதிக்க வைத்திருக்கலாமே என்ற கேள்வியை அன்று கேட்டவர்கள் மிகச் சிலர். பாடப்புத்தகம் என்றால் சரியான கருத்துகளின் பெட்டகம் என்ற நம்பிக்கையில் கட்சி வேறுபாடு கிடையாது.

ஆக, புத்தகம் குறைகளோடு தேறிவிடுகிறது. அந்தப் புத்தகத்தை வகுப்பறைக்குள் என்ன செய்கிறோம் என்பதுதான் சிக்கல்.

யார் நடத்துகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம். பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில் சமூக அறிவியலுக்கு வருபவர்கள் வரலாறோ புவியியலோ படித்தவர்கள். பொருளியலை முதன்மைப் பாடமாகப் படித்து பி.எட். முடித்தவருக்கு அந்தப் பணியில் இடமில்லை. அவர் முதுகலை ஆசிரியராகி மேல்நிலை வகுப்புக்குத்தான் போக முடியும். ஆகவே மொத்த உள்நாட்டு உற்பத்தியைச் செலவு முறையிலும் வருமான முறையிலும் கணக்கிடுவது எப்படி என்பதைப் பத்தாம் வகுப்பில் நடத்துபவர், கல்லூரியில் சோழர் காலச் செப்பேடுகளைப் படித்தவராக இருப்பார். வரலாற்று ஆசிரியர் ஒருவர் பொருளியலைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டு சிறப்பாக நடத்தலாம், நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது அவருடைய தனிப்பட்ட நல்ல குணம், அமைப்பின் ஏற்பாடு அல்ல. நான்கு துறைகளை ஒரே அட்டைக்குள் கட்டி 'சமூக அறிவியல்' என்று பெயர் வைத்த பிறகு, அந்த நான்கில் இரண்டுக்கு ஆளே எடுப்பதில்லை என்பது சிறிய விஷயமில்லை. மார்ஷலின் தொழில் வட்டாரத்தைத் திருப்பூர்ப் பிள்ளையின் வீட்டோடு இணைக்க வேண்டியவர், அந்த அலகை ஜனவரி மாதத்தில் இரண்டு பீரியடில் முடித்து, 'புக் பேக்' வினாக்களுக்கு விடை சொல்லி நகர்ந்துவிடுவதில் வியப்பில்லை.

அடுத்தது வினாத்தாள். நூறு மதிப்பெண்ணில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்க 14. இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50, பெரிய வினாக்களுக்கு 16. இந்த வரைபடம் வெளியானதும் பள்ளிகள் செய்யும் வேலை ஒன்றுதான்: எந்த அலகை விட்டாலும் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவது. மெல்லக் கற்போர் கையேடு, மினிமம் மெட்டீரியல், கட்டாயம் வரும் ஐந்து மேப், டைம்லைனுக்கு இந்த ஆண்டுகள் என்று ஒரு தனிப் பாடத்திட்டமே புத்தகத்துக்குப் பக்கத்தில் இயங்குகிறது. 27 அலகுகள் அதில் சில பத்துப் பக்கங்களாகிவிடும். புத்தகம் ஏன் இவ்வளவு தடிமன் என்று முணுமுணுப்பவர்களுக்கு நான் சொல்வது: தடிமன் யாருக்கும் பாரமாக இல்லை, ஏனென்றால் யாரும் அதைத் தூக்குவதில்லை.

2025-ல் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். தமிழில் அதே ஆண்டு நூறு எடுத்தவர்களைக் கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் ஏன் ஒரு போர் வந்தது, ஏன் ஒரு சட்டம் தோற்றது என்பதைப் பற்றிய ஒரு பாடத்தில் பத்தாயிரம் பேர் ஒரு மதிப்பெண்கூடக் குறையாமல் எழுத முடிகிறது என்றால், அந்தத் தாளில் ஏன் என்ற கேள்விக்கு இடமே இல்லை என்று பொருள். 'முதல் உலகப் போருக்கான காரணங்களை விளக்குக' என்பது பார்க்க 'ஏன்' போலத் தெரியும். விடைக் குறிப்பில் அதற்கு ஐந்து துணைத்தலைப்புகள் இருக்கும், ஐந்தையும் எழுதினால் மதிப்பெண் வரும். அவற்றில் எது முக்கியமான காரணம், எது சாக்கு என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் கூடுவதில்லை, சில சமயம் குறையும்.

இதற்கு ஒரு பதில் உண்டு, அது வலுவானதும்கூட. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு, புத்தகத்துக்குள்ளிருந்து கேட்கும் தாள்தான் நியாயமான தாள். பொதுவான, சொந்தமாகச் சிந்தித்து எழுத வேண்டிய வினாக்களைக் கேட்டால் வீட்டில் செய்தித்தாளும் ஆங்கிலமும் புழங்கும் பிள்ளைகள் முந்திவிடுவார்கள். மனப்பாடம் ஏழைக்குக் கிடைத்த ஏணி என்பது அந்த வாதம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் மனப்பூர்வமாக நம்புவது இது, அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடியது அல்ல. பொதுத்தேர்வின் எளிமை எத்தனையோ குடும்பங்களைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஆனாலும் இந்த வாதத்தை முழுதாக ஏற்க முடியவில்லை. சிந்தனை வினா என்றால் பணக்கார வீட்டுக்கு வசதியானது என்பது கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஓரளவு பொருந்தலாம். சமூக அறிவியலுக்கு அது தலைகீழ். ரேஷன் கடையில் எடை குறைவதும், நூறு நாள் வேலையில் கூலி தாமதமாவதும், மே 1-லும் ஆகஸ்ட் 15-லும் நடக்கும் கிராம சபையில் யார் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்பதும், காலனிக்கு வரும் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது என்பதும் யாருக்குத் தெரியும்? அபார்ட்மென்ட் பிள்ளைக்கு அல்ல. உணவுப் பாதுகாப்பு அலகிலிருந்து 'உங்கள் ஊர் ரேஷன் கடையின் வேலை நேரமும் பொருள் இருப்பும் இதில் உள்ளன. குறைகளைச் சுட்டி வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுக' என்று ஓர் அட்டவணையோடு வினா கேட்டால், முதல் தலைமுறைப் பிள்ளை முதன்முதலாக மற்றவர்களைவிட ஒரு படி மேலே நின்று தேர்வு எழுதும். அதற்குத் தெரிந்த உலகத்துக்கு மதிப்பெண் போடாமல், தெரியாத உலகத்தை ஒப்பிக்க வைத்து அதை நியாயம் என்று அழைக்கிறோம்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப். சமூக அறிவியல் இங்கேதான் கட்டாயப் பாடம் என்ற நிலையை இழந்து 'விருப்பப் பாடம்' ஆகிறது. விருப்பம் என்ற பேச்சுக்கும் நடப்புக்கும் உறவே இல்லை. பத்தில் மதிப்பெண் அதிகம் என்றால் முதல் குரூப், கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் குறைந்தால் காமர்ஸ், 'மார்க் பத்தாது' என்றால் ஹிஸ்டரி. சமூக அறிவியலில் நூறு எடுத்த பிள்ளையைத் தலைமையாசிரியரே வரலாற்றுக் குரூப்பில் சேரவிட மாட்டார். 'இந்த மார்க்குக்கு ஆர்ட்ஸா?' என்பார். பல தனியார் மெட்ரிக் பள்ளிகளில் அந்தக் குரூப்பே கிடையாது. அரசுப் பள்ளியில் என்ன குரூப் கிடைக்கும் என்பதை எந்த முதுகலை ஆசிரியர் பணியிடம் அங்கே இருக்கிறது என்பது தீர்மானிக்கும். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் என்ற கட்டு பரவலாகக் கிடைக்கும்; அரசியல் அறிவியலும் புவியியலும் வரலாறோடு சேர்ந்து கிடைக்க அதிர்ஷ்டம் வேண்டும். 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்றொரு பாடம் புத்தகமாக இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இயற்பியலோடு பொருளியலை, உயிரியலோடு அரசியல் அறிவியலைச் சேர்த்துப் படிக்க வழியில்லை. மருத்துவராகப் போகும் பிள்ளை அரசமைப்பைக் கடைசியாகப் படித்தது பதினைந்து வயதில், அதுவும் எண்களாக. வாக்குரிமை பதினெட்டில் வருகிறது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் பள்ளி அதனிடம் சமூகம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. 2019-ல் அரசு குரூப்புகளில் கைவைத்தபோதும் நான்குக்குப் பதில் மூன்று முதன்மைப் பாடங்கள் போதும் என்று குறைக்கத்தான் பார்த்தது. எதிர்ப்பு வந்து அடுத்த ஆண்டே கைவிட்டது. கலந்து படிக்கலாம் என்ற யோசனை அப்போதும் மேசைக்கு வரவில்லை.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். இலங்கையில் சாதாரண தரத்தில் வரலாறு எல்லோருக்கும் கட்டாயம், தனிப் பாடம். புவியியலும் குடியுரிமைக் கல்வியும் தெரிவுப் பாடத் தொகுதியில் இருக்கின்றன; வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். உயர்தரத்தில் மூன்றே பாடங்கள், அவற்றுக்குள் கலைப்பிரிவு மாணவருக்குக் கிடைக்கும் சேர்க்கைகள் நம்மைவிட அதிகம். தெரிவு என்ற சொல்லுக்கு அங்கே கொஞ்சம் பொருள் உண்டு. ஆனால் கட்டாயமாக்கப்பட்ட அந்த வரலாற்றுப் பாடநூல் யாருடைய வரலாறு என்ற கேள்வியை இலங்கைத் தமிழ் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அமைப்பில் அவர்கள் முன்னால், உள்ளடக்கத்தில் நாம் முன்னால். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கும் பாக்கியம் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை.

என் தீர்ப்பு இது. தமிழ்நாட்டின் உயர்நிலைச் சமூக அறிவியல், நூலாகத் தேறியது, பாடமாகத் தோற்றது, விருப்பப் பாடமாக இன்னும் பிறக்கவே இல்லை. நூலைத் திரும்பவும் எழுதுவதில் முதலில் கைவைப்பது தவறான இடத்தில் மருந்து போடுவது. 1947-க்குப் பிந்தைய தமிழ்நாட்டுக்கு ஓர் அலகு வேண்டும், அதற்கு ஈடாக இரண்டு உலகப் போர்களையும் ஒரே அலகில் அடக்கலாம். அதற்குமேல் இப்போதைக்கு வேண்டாம். மாற வேண்டியது வினாத்தாள். ஐந்து மதிப்பெண் வினாக்களின் 50-ல் 20-ஐ மட்டும், மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு அட்டவணை, ஒரு செய்தி, ஒரு பழைய அரசாணை ஆகியவற்றிலிருந்து கேட்கலாம். விடைத்தாள் திருத்துபவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். அதுதான் உண்மையான செலவு. பட்டதாரி ஆசிரியர் தகுதியில் பொருளியலையும் அரசியல் அறிவியலையும் சேர்க்க ஓர் அரசாணை போதும்.

விருப்பப் பாடத்துக்கு இப்போது ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. அந்தத் தேர்வு 2018-ல் ஏன் வந்தது என்பதை மறக்கக் கூடாது: பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் பன்னிரண்டுக்குத் தாவிக்கொண்டிருந்தன. இப்போது அந்த ஓராண்டு மீண்டும் காவலில்லாமல் இருக்கிறது. எல்லாக் குரூப்புக்கும் பொதுவாக, வாரம் இரண்டு பீரியட், அரசமைப்பும் உள்ளாட்சியும் பொருளாதாரமும் சேர்ந்த ஒரு தாளை அங்கே வைக்கலாம். மதிப்பெண் இல்லையென்றால் நடத்த மாட்டார்கள், மதிப்பெண் வைத்தால் மனப்பாடமாகிவிடும் என்ற முடிச்சு உண்மைதான். அதை அவிழ்க்க, மதிப்பெண்ணை எழுத்துத் தேர்வுக்கு வைக்காமல், மாணவர் தன் வார்டிலோ ஊராட்சியிலோ செய்யும் ஒரே ஒரு விசாரிப்புக்கு வைக்கலாம். ஆசிரியர் தாராளமாக மதிப்பெண் போட்டுவிடுவார் என்ற பயம் வேண்டாம், போடட்டும். திருப்பூர்ப் பிள்ளை ஒரு முறையாவது அம்மாவிடம் ஷிப்ட் கணக்கைக் கேட்டு எழுதியிருக்கும். இதை அடுத்த கல்வியாண்டுக்குள் அரசு செய்யாவிட்டால், நீட் பயிற்சி மையங்கள் அந்த ஓராண்டை எடுத்துக்கொள்ளும். ஒரு முறை எடுத்துவிட்டால் திரும்பக் கிடைப்பது கடினம்.